பின்னால் போகும் கால்

விசில் கிடையாதாம். தொப்பி போட்ட அந்த ஆள் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று லேப்டாப்பைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு கையில் ஏந்திக்கொண்டு திரும்பவும் சொல்கிறான். "யாரும் விசில் அடிக்க மாட்டாங்க, செட், கோ எதுவும் கிடையாது, கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க, நீங்க எப்ப ரெடியோ அப்ப நீங்களே ஓடலாம், மெஷின் தானா டைம் எடுத்துக்கும்." வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன். கோட்டின் இரண்டு பக்கமும் முக்காலி மேல் கறுப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு கண், அதே மாதிரி ஒரு ஜோடி தூரத்தில், நடுவில் வெறும் பச்சை. கால்பந்து அணித் தேர்வுதான், ஆனால் பந்து இல்லை. எதிரே ஆள் இல்லை. நீங்க எப்ப ரெடியோ அப்ப. நான் எப்போது ரெடியாக இருந்திருக்கிறேன்? இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நானாகக் கிளம்பியிருக்கிறேனா? பந்து கிளம்பும், நான் கிளம்புவேன். எதிரணியில் தடுக்க நிற்கிற பேக்கின் தோள் லேசாக வலப்பக்கம் சாயும், நான் இடப்பக்கம் போயிருப்பேன், போன பிறகுதான் போனது எனக்கே தெரியும். யாராவது "கெசியா!" என்று கத்துவார்கள், அந்தக் கத்தலில் 'யா' முடிவதற்குள் பேக்கைத் தாண்டியிருப்பேன். வியாசர்பாடியில் எங்கள் தெருப் பக்கத்து கிரவுண்டில் அதற்குத்தான் என்னைப் பார்க்க வருவார்கள், ஓடுவதைப் பார்க்க இல்லை, கிளம்புவதைப் பார்க்க. ஓட்டத்தில் என்னைவிட வேகமானவர்கள் இருந்தார்கள். கிளம்புவதில் யாரும் இல்லை. "இன்னும் ஒண்ணு," என்கிறான் தொப்பிக்காரன், "கிளம்பறதுக்கு முன்னாடி பின்னால ஆடக்கூடாது, பின்னால கால் வைக்கக்கூடாது. வச்சா அந்த ஓட்டம் செல்லாது. ஆளுக்கு ரெண்டு சான்ஸ்." அவன் என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பார்க்கவில்லை. அவன் பார்த்தது லேப்டாப்பை. வெயில் அதற்குள் ஏறிவிட்டது, புல் மாதிரி இருக்கிற இந்த பிளாஸ்டிக்கிலிருந்து டயர் கடை வாசனை வருகிறது, முட்டி உறைக்குள் வியர்வை கசகசக்கிறது. பின்னால கால் வைக்கக்கூடாது. இடது காலைக் குனிந்து பார்க்கிறேன். ஷூவுக்குள் சும்மா இருக்கிறது, ஒன்றும் தெரியாத மாதிரி.

அந்தக் கால் பின்னால் போகிறது என்று ஹேமந்த் சார் காட்டும்வரை எனக்குத் தெரியாது. முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலை விட்டு, மெதுவாக ஓட ஆரம்பித்திருந்த நேரம். அவர் எனக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர், ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. செல்போனில் என் காலை மட்டும் படம் எடுத்து, அதை மெதுவாக ஓடவிட்டு, என் கையில் கொடுத்தார். "பாருங்க கெசியா, நீங்க முன்னாடிதான் போகப் போறீங்க. ஆனா முதல்ல என்ன பண்றீங்க?" பார்த்தேன். என் இடது கால் தரையை விட்டு எழுந்து, ஒரு சாண் பின்னால் போய், அங்கே ஊன்றி, அதற்குப் பிறகுதான் உடம்பு முன்னால் பாய்ந்தது. யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது. இத்தனை வருஷமும் நான் தூங்கும்போது எனக்குத் தெரியாமல் எழுந்து வெளியே போய்வந்த ஒரு ஆள் மாதிரி. "முன்னாடி போறதுக்கு எதுக்குப் பின்னாடி போறீங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கேள்வியை வாயில் போட்டுக்கொண்டேன், இன்னும் துப்ப முடியவில்லை. எதுக்குப் பின்னாடி போறீங்க. ஸ்டாப்பில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் "இறங்கும்மா, இறங்கு" என்றார். அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் மாடிப்படி. அதற்கப்புறம் குளியலறை வாசல். நான் வேலை பார்க்கிற மசாலா கம்பெனியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது. எல்லா இடத்திலும் கால் என்னைக் கேட்க ஆரம்பித்தது, நான் முதலா, இன்னொரு கால் முதலா. கேட்காமல் போய்க்கொண்டிருந்த கால். சார் தரையில் டேப் ஒட்டினார். அதன் மேல் நின்று, நேராக, கட்டை மாதிரி, முன்னால் சாயச் சொன்னார். "விழுங்க. பயப்படாதீங்க. விழறதுக்கு முன்னாடி கால் தானா வரும்." தானா வரும். வந்தது. வந்ததுதான். ஆனால் சாய்கிற அந்த நேரத்தில், வருமா வராதா என்று இருக்கிற அந்த ஒரு இமைப்பில், நான் ஒவ்வொரு தடவையும் செத்தேன். தினமும் அப்படி. சார் தட்டிக்கொடுப்பார், "சூப்பர், பின்னாடி போகல, பாருங்க." படத்தில் பார்த்தால் கால் பின்னால் போகவில்லை. நானும்தான் எங்கும் போகவில்லை.

"அக்கா, உங்களுக்குப் பயமா இல்ல?" எனக்கு முன்னால் நிற்கிற பெண் திரும்பிக் கேட்கிறாள். இலக்கியா என்று பெயர், காலையில் பதிவு செய்யும் இடத்தில் பேனா கேட்டு அறிமுகமானவள், தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஊர், ராத்திரி ரயிலில் அப்பாவோடு வந்திருக்கிறாள். முன்பற்களுக்கு நடுவில் சின்ன இடைவெளி. "இருக்கு," என்கிறேன். "பாத்தா தெரியலையே." "பாத்தா என்னா தெரியும்." அவள் சிரிக்கிறாள். "நான் ஒங்கள ஆட்டத்துல பாத்திருக்கேங்க்கா. ஸ்டேட் மேட்ச்சுல. எங்க ஊருக்கு வந்தீங்க. எங்க பேக்கு ஒங்கள புடிக்க முடியாம அழுவுச்சு." அவள் பார்த்த கெசியாவை நான் பார்த்ததில்லை. வெளியிலிருந்து பார்க்க அது எப்படி இருந்திருக்கும், ஒருத்தி நிற்கிறாள், அடுத்து அங்கே இல்லை. "முட்டியில என்னக்கா?" "லிகமென்ட்." அந்த வார்த்தையைச் சொன்னவுடன் அவள் கண் என் முட்டியிலிருந்து சட்டென்று விலகுகிறது, தொற்றிக்கொள்ளும் என்பது போல. எல்லோருக்கும் அப்படித்தான். நானும் முன்பு அப்படித்தான் இருந்தேன், அடிபட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டமாட்டேன். "இப்ப சரியாயிடுச்சுல்ல?" "ஆயிடுச்சு." வரிசை ஒரு ஆள் நகர்கிறது. நகர்வதற்கு எந்தக் காலை எடுத்தேன் என்று கவனித்துவிட்டேன். கவனிக்காதே. கவனிக்காதே என்று சொல்வதும் கவனிப்பதுதான். யாரோ ஓடி முடித்து, மெஷின் கீச்சென்று கத்துகிறது.

யாரும் தொடவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு செம்மண் கிரவுண்ட், அரையிறுதி, பேக்குக்கு மேலே பந்து வந்தது, நான் கிளம்பிவிட்டேன், எனக்கு முன்னால் கோல் காக்கிற கோலி மட்டும், உள்பக்கம் திரும்பினேன், இடது கால் ஊன்றியது, உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. பட் என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டில் யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி, அவ்வளவு சின்ன சத்தம். விழுந்து கிடந்தபோது எங்கள் டீம் பெண்கள் ஓடிவந்து "யாருடி அடிச்சது, யாரு?" என்று கத்தினார்கள், அந்தப் பக்கத்துப் பேக்கு கையை விரித்துக்கொண்டு "நான் கிட்டவே வரல" என்றாள். வரவில்லைதான். நான் நடிக்கிறேன் என்று நினைத்து ரெஃப்ரி "எழுந்திரும்மா" என்றார். யாராவது அடித்திருக்கக்கூடாதா. ஒரு முகம் இருந்திருக்கும். ராத்திரி படுத்துக்கொண்டு அந்த முகத்தைத் திட்டியிருப்பேன். என் காலே என்னை அடித்தது, நான் யாரைத் திட்டுவது? வீடு திரும்பியபோது லிப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி, ரூபன் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ரூபன் என் புருஷன், துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான், கன்டெய்னர் பெட்டியை ரிவர்ஸில் ஒரு சந்துக்குள் விடுவான், உரசாது. ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு "இன்னா வெயிட்டுடி நீ, கோல் போட்டு கோல் போட்டு ஊதிட்ட" என்றான். அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருஷம் ஆனபோது கேக் வாங்கிவந்தான், என் முட்டிக்குப் பிறந்தநாள் என்றான், கேக்கை முட்டிக்கு முன்னால் வைத்துக் கை தட்டினான். நான் சிரித்துச் சிரித்து அழுதேன். அப்படிப்பட்டவன் எப்போதிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தான்? பரவால்ல. முதலில் ஏதாவது நடந்த பிறகு சொன்னான், ஒரு மேட்ச்சில் உட்காரவைத்துவிட்டார்கள், பரவால்ல. அப்புறம் நடப்பதற்கு முன்னாலேயே. இன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாப்பில் பைக்கை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை என் பையில் சொருகிவிட்டு, "இன்னா இப்ப, போ, ஓடு, வா. கெடைக்கலன்னாலும் பரவால்ல கெசி" என்றான். அவன் கண்ணில் அன்புதான் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அவன் நம்பவில்லை என்பது எனக்கு அப்போது தெரிந்தது. நம்புகிறவன் இவ்வளவு அன்பாகப் பேசமாட்டான், நம்புகிறவன் மிரட்டுவான். இன்றைக்கு இந்த அரசுத் துறை அணியில் எடுத்தால் வேலை, யூனிஃபார்ம், விளையாட்டு. இந்த வருஷத்தோடு வயது வரம்பு தாண்டுகிறது எனக்கு. குழந்தையைக்கூடத் தள்ளிப் போட்டோம், இது முடியட்டும் என்று. ரூபனின் அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என் வயிற்றைப் பார்ப்பார், அப்புறம் முட்டியைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். இது முடியட்டும். முடியப்போகிறது. எப்படியும் இன்றைக்கு முடியத்தான் போகிறது.

போன மாதம் ஒரு முகாமில் வேறு ஒரு கோச், வயதான அம்மா, என் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு "ஏம்மா கல்லு மாதிரி கிளம்புற?" என்றார். பின்னால் போகக்கூடாது என்று பழகினேன் என்றேன். "யாரு சொன்னா? அது தப்பே இல்லம்மா. கால் பின்னாடி போயி ஊணி ஒதைக்குது, அதுலதான் வேகமே வருது. ஒடம்பு தானா எடுக்கறது. விட்டுரு." விட்டுரு. எவ்வளவு சுலபமாகச் சொன்னார், பையைக் கீழே வை என்பது போல. எதை விடுவது? தெரிந்ததை எப்படி விடுவது? அன்றைக்குச் சாயங்காலம் வீட்டு பால்கனியில் துணி எடுக்கும்போது எதிர்ச் சுவரில் ஒரு காக்கா. கிளம்பும்முன் அது கொஞ்சம் உட்கார்ந்தது. காலை மடக்கி, உடம்பைக் கீழே இறக்கி, அப்புறம்தான் மேலே. மேலே போறதுக்கு எதுக்குக் கீழே போற, என்று அதை யாரும் கேட்கவில்லை. கீழ்வீட்டுப் பூனை மீன்காரம்மா கூடைக்குத் தாவும்முன் பின்னங்காலைப் பின்னால் தள்ளி ஒருமுறை குலுக்குகிறது. ரூபன் டிரெய்லரை முன்னால் எடுக்கும்முன் லேசாகப் பின்னால் உருளவிட்டு எடுக்கிறான். எல்லோரும் போகிறார்கள், எல்லாமே பின்னால் போய்த்தான் போகிறது, பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் எனக்கு இரண்டும் போய்விட்டது. பழைய கிளம்பல் தப்பு என்று தெரிந்த நாளில் போனது, புதியது தப்பு என்று தெரிந்த நாளில் போனது. இப்போது கோட்டில் நின்றால் கால் பின்னால் போக நினைக்கிறது, நான் பிடிக்கிறேன், பிடிக்கும்போது விட்டுரு என்கிறார் அந்த அம்மா, விடும்போது எதுக்கு என்கிறார் ஹேமந்த் சார், இவ்வளவு பேரும் பேசி முடிப்பதற்குள் பேக்கு பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். இரண்டு பேரும் எனக்கு நல்லதுதான் செய்தார்கள். ஊரில் எல்லோரும் எனக்கு நல்லதுதான் செய்கிறார்கள். அதிலும் அறுத்துத் தைத்தது அந்த இடது கால்தான், பின்னால் போய் உதைக்க வேண்டியதும் அதுதான். பின்னால் போகாமல் நான் தடுத்தேனா, இல்லை அது பயந்துகொண்டு போகாமல் இருக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்ததா, ஹேமந்த் சார் அந்தக் காரணத்தைக் கொடுத்தாரா? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பரவால்ல என்பார்கள்.

"இலக்கியா!" என்று கூப்பிடுகிறார்கள். அவள் நெற்றியைத் தொட்டு, மார்பைத் தொட்டு, என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போகிறாள். கோட்டில் நிற்கிறாள். நிற்கிற மாதிரியே இல்லை, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி. சட்டென்று போய்விட்டாள். எந்தக் கால் முதலில் போனது என்று பார்க்கத் தவறிவிட்டேன், அவ்வளவு சுத்தமாகப் போனாள். தொப்பிக்காரன் லேப்டாப்பைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறான், பக்கத்தில் இருப்பவரிடம் திருப்பிக் காட்டுகிறான். வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா, வெள்ளை வேட்டி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை உயர்த்துகிறார், டைம் எவ்வளவு வந்தது என்று தெரியாமலே. அவள் சந்தோஷமாக மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. அவள் காலை எனக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றுகிறது, அப்படித் தோன்றியதற்காக அவளைப் பார்த்துச் சிரிக்கிறேன். "கெசியா!" என்று கூப்பிடுகிறார்கள். கத்தல் அல்ல, படிக்கிறார்கள், தாளைப் பார்த்து. 'யா' முடிந்த பிறகும் நான் அதே இடத்தில் நிற்கிறேன்.

கோடு. வெள்ளை, அங்கங்கே உரிந்து. வலது கால் முன்னால், கோட்டைத் தொடாமல். இடது கால் பின்னால், இருக்கிற இடத்தில், அங்கேயே, அதற்கு மேல் போகாமல். குனிகிறேன். எதிரே தூரத்தில் இரண்டு சிவப்புக் கண்கள், அதற்குப் பின்னால் காலியான நாற்காலிகள், நீலம், மஞ்சள், நீலம். நீங்க எப்ப ரெடியோ அப்ப. இப்போதா? இப்போது என்று நினைத்தேன், நினைத்தது முடிந்துவிட்டது, இப்போது இல்லை. சரி, இப்போது. இல்லை. யாராவது என் பெயரைக் கத்துங்களேன். யாராவது ஒரு பந்தைத் தள்ளுங்களேன். முட்டி உறைக்குள் வியர்வை இறங்கிக் கெண்டைக்காலில் கோடு போடுகிறது. தொப்பிக்காரன் இருமுகிறான், சாதாரண இருமல், தொண்டையில் ஏதோ. அந்த இருமலுக்கு நான் போய்விட்டேன். போய்விட்டேன், தெரிகிறது, காற்று காதைக் கிழிக்கிறது, முதல் அடி, அடுத்த அடி, தரை என்னைத் தூக்கித் தூக்கிக் கொடுக்கிறது, முட்டி எங்கே என்று தெரியவில்லை, எனக்கு முட்டியே இல்லை, நான் இருபது வயதில் இருக்கிறேன், எங்கள் தெரு கிரவுண்டில் இருக்கிறேன், மெஷின் கீச்சென்கிறது, நின்று திரும்புகிறேன், வாயெல்லாம் சிரிப்பு. தொப்பிக்காரன் கையை ஆட்டுகிறான். "சிஸ்டர், பின்னாடி கால் போயிடுச்சு. இது செல்லாது. இன்னும் ஒரு சான்ஸ் இருக்கு, வாங்க." நடந்து வருகிறேன். சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது, இறக்கத் தெரியவில்லை. "எவ்ளோ வந்துச்சு சார்?" "செல்லாதுங்க அது." "சும்மா, தெரிஞ்சிக்கத்தான். எவ்ளோ?" "அழிச்சிட்டேங்களே," என்கிறான், உண்மையிலேயே வருத்தப்பட்டு, "செல்லாததை உடனே அழிச்சிடணும்." அழித்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, நான் ஓடிக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரே ஒரு தடவை அது என்னிடம் திரும்பி வந்தது, அது எவ்வளவு என்று இந்த உலகத்தில் ஒரு ஆளுக்கும் இனித் தெரியாது. அவனைக் கேட்டால் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்வானா? வேகமாகப் போனேனா, இல்லை போன மாதிரி எனக்குத் தோன்றியதா? கிழவிகள் கனவில் ஓடுகிற மாதிரி? "ரெடியா சிஸ்டர்?" மறுபடி கோடு. வலது கால். இடது கால். இப்போது எனக்குத் தெரியும், அது போனால் போச்சு. அதைத் தரையோடு அழுத்துகிறேன், ஆணி அடிப்பது போல. விழு, கால் தானா வரும். விழுகிறேன். வருமா. வந்தது. அடுத்தது. அடுத்தது. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிகிறது, ஒவ்வொன்றையும் நான் எடுத்து நான் வைக்கிறேன், அம்மிக்கல்லைத் தூக்கி வைப்பது போல, பச்சை மெதுவாக எனக்குக் கீழே நகர்கிறது. கீச். எல்லாம் சரியாகச் செய்தேன். தொப்பிக்காரன் எழுதிக்கொள்கிறான். புருவம் உயரவில்லை. "ஓகே சிஸ்டர், தேங்க்யூ." எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அதைத் திரையில் அழிக்காமல் வைத்திருக்கிறான், எட்டிப் பார்த்தால் தெரியும், எட்டிப் பார்க்கவில்லை.

நிழலில் உட்காரவைத்துப் பெயர் படித்தார்கள், மத்தியானம் மேட்ச் ஆடிக் காட்ட யார் யார் இருக்கவேண்டும் என்று. கடைசிப் பெயர் படித்து முடித்த பிறகும், தாளின் பின்பக்கம் இருக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். "மத்தவங்க எல்லாம் நல்லா ட்ரை பண்ணீங்க, நன்றி," என்றார்கள். இலக்கியா எழுந்து வந்தாள், அவள் பெயர் முதலிலேயே வந்துவிட்டது. "அக்கா, ஒங்க மொத ஓட்டம் பாத்தேங்க்கா," என்றாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். "பாத்தியா? எப்படிப் போனேன்? சொல்லு, வேகமா போனனா?" அவள் முழித்தாள். என் பிடி வலித்திருக்க வேண்டும். "பாத்தேங்க்கா... நல்லாத்தான் போனீங்க." நல்லாத்தான். பொய்யா, நிஜமா, அந்தப் பல் இடைவெளியில் ஒன்றும் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் அப்பா இளநீர் வாங்கி நீட்டினார். அவள் போனாள். ஷூவைக் கழற்றிப் பையில் போட்டேன். முட்டி உறையைக் கழற்றினேன், தையல் தடம் வெளுத்துப்போய், நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. பையில் செல்போன் அதிர்ந்தது, ரூபன்தான், பெயர் எரிந்து எரிந்து அணைந்தது. எடுத்திருந்தால் அவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பான், அவன் மேல் தப்பில்லை, அதைக் கேட்ட பிறகு என்னால்தான் ஒரு ஆளாக நடந்துபோக முடியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே ரோடு. பெரியமேட்டுப் பக்கம் மத்தியானத்தில் எப்போதும் இருக்கிற ரோடு, பஸ், ஷேர் ஆட்டோ, தோல் மூட்டை ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி, எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. எனக்கு பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம். நடைபாதை விளிம்பில் நிற்கிறேன். ஒரு இடைவெளி வருகிறது. பக்கத்தில் நின்றவர்கள் போகிறார்கள், டிபன் பாக்ஸ் பையோடு ஒருத்தர், கல்லூரிப் பெண்கள், எல்லோரும் போகிறார்கள். நான் போகவில்லை. அடுத்த இடைவெளி. இப்போது. இல்லை. விளிம்பிலிருந்து ரோடு ஒரு படி கீழே, அவ்வளவுதான், எந்தக் கால்? வலது வைத்தால் இடது பின்னால் நிற்கும், இடது வைத்தால் முட்டி. இரண்டு காலையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், செருப்பில் விரல்கள், நகத்தில் ரூபன் தங்கை போட்டுவிட்ட பழைய நெயில் பாலிஷ். இது பயம் இல்லை. பயமாக இருந்தால் உடம்பு ஏதாவது செய்யும், ஓடும், பின்வாங்கும். இது அப்படி இல்லை. வீட்டில் ஆள் இல்லாத மாதிரி. கதவைத் தட்டுகிறேன், யாரும் வரவில்லை. மறுபடி ஒரு இடைவெளி வந்து, நிரம்பி, மூடிக்கொள்கிறது. வெயில் உச்சந்தலையில் நிற்கிறது. எவ்வளவு நேரம் இப்படி நிற்பேன்? கண் கலங்கினால் வண்டிகள் எல்லாம் ஒன்றாகி ஒரு பெரிய நகர்கிற சுவர் ஆகிவிடுகிறது.

"இன்னா பாப்பா, தாண்டணுமா?" பக்கத்தில் ஒரு அம்மா. கையில் ஒயர் கூடை, கூடையில் முருங்கைக்கீரைக் கட்டு, மூக்கில் சின்னச் சிவப்புக் கல். எவ்வளவு நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. தலையாட்டினேன். "கண்ணு எதுனா தெரியாதா?" "இல்லம்மா, தெரியும்." "கால்ல எதுனா?" என் முட்டியைப் பார்த்தார். தையல் தடத்தைப் பார்த்தார். கூடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஈரமான, சொரசொரப்பான கை, கீரை வாசனை. "வா," என்றார். அவ்வளவுதான். பிடித்து இழுத்தார், நான் போனேன். எந்தக் கால் முதலில் இறங்கியது என்று தெரியாது. ஒரு கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்தினார், ஆட்டோக்காரன் ஏதோ கத்தினான், "கண்ணு தெர்ல? ஆளு வர்து பாரு!" என்று திருப்பிக் கத்தினார், நடு ரோட்டில் நிறுத்தி, மறுபடி இழுத்து, அந்தப் பக்கம் ஏற்றிவிட்டார். என்னை, மாநில அணிக்கு விங்கில் ஆடியவளை, ஒரு கீரைக்கட்டையும் சேர்த்து. "அவ்ளோதான், போ," என்றார். நான் போகவில்லை. அவர் என் மணிக்கட்டை விட்டுவிட்டார், ஆனால் நான் எப்போதோ திருப்பி அவர் கையைப் பிடித்திருந்தேன், அதை விடவில்லை. விடவேண்டும் என்று தெரிகிறது. விரல்களுக்குச் சொல்கிறேன். ஸ்டாப்பில் ஒரு பஸ் வந்து நின்றது. அவர் அதன் நம்பரைப் பார்த்தார், கூடையைத் தோளில் ஏற்றினார், என் முகத்தைப் பார்த்தார். "என் பஸ்ஸு பாப்பா," என்றார். "ம்," என்றேன். ஜனம் ஏறியது, கண்டக்டர் தட்டினார், பஸ் புகையை விட்டுக்கொண்டு போயே போய்விட்டது. அந்த அம்மா அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துவிட்டு, கூடையை மெதுவாகக் கீழே இறக்கி, என் கை பிடித்தபடியே இருக்க, ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் விட்டார். "உட்காரு," என்றார், "நின்னுனே கீற."